மலையேறிய நைட்டி

அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்று பெருமூச்சு விடுகிறவர்கள், எந்த மலை என்று மட்டும் சொல்வதில்லை. துணிமணி விஷயத்தில் அது பச்சைமலைதான் என்று நான் அடித்துச் சொல்வேன். திருச்சிக்கு வடக்கே, துறையூரைத் தாண்டி, திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டத்திலும் கால் நீட்டிப் படுத்திருக்கிற மலை அது. 1986-இல் டீச்சர் வேலைக்காக அங்கே ஏறியபோது, கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஏறினேன். ஓய்வு பெற்று, போன வருஷம் தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக மறுபடி ஏறினால், எனக்கு முன்னாடியே நைட்டி அங்கே வந்து குடியேறியிருந்தது. அதன் மேல் ஒரு முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டுக்குள் குரங்குக் குல்லா. வேலை செய்கிறவர்களின் சீருடை என்றே சொல்லலாம்.

ஆனால் கதை தொடங்குவது ஸ்ரீரங்கத்தில். அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீடு. பாட்டிக்கு ஒன்பது கஜம், அம்மாவுக்கு ஆறு கஜம், எனக்குப் பாவாடை தாவணி. வயசு ஏற ஏறக் கஜமும் ஏறும். ஒன்பது கஜம் என்றால் எட்டு மீட்டருக்கு மேல். பாட்டி அதிலேயே தூங்குவாள், அதிலேயே எழுந்திருப்பாள், அதிலேயே காவிரியில் முழுக்குப் போடுவாள், அதிலேயே அரிசி புடைப்பாள். கத்திரி வெயிலில் திருச்சி நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அன்றைக்கும் அதே எட்டு மீட்டர்தான்.

மடிப்புடவை காய்கிற இடமே தனி. மற்ற துணி கையெட்டும் கொடியில் காயும். அது மட்டும் உத்தரத்தை ஒட்டிக் கட்டிய மூங்கில் கழியில், ஒரு நீளக் குச்சியால் தூக்கிப் போட்டு விரிக்கப்படும். குழந்தைகள் கை பட்டால் அன்றைய மடி போயிற்று. வெயில் நாளில் சமாளிக்கலாம். ஐப்பசி அடைமழையில் என்ன செய்வது? பாட்டியிடம் விடை தயாராக இருந்தது. ஈரத்தோடேயே கட்டிக்கொள்வாள். மடிக்கு ஈரம் விரோதமில்லை, பேரன்தான் விரோதம். நாலு நாள் மழை பெய்தால் நாலு நாளும் ஈரப்புடவையோடு அடுப்படியில் நிற்பாள். "சளி பிடிக்காதா பாட்டி?" என்றால், "அடுப்பு இருக்கோன்னோ" என்பாள். எல்லாப் பருவத்துக்கும் ஒரே உடை என்கிற தத்துவத்தை நைட்டி ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

எண்பதுகளில் துபாயிலிருந்து ஊருக்கு வந்த உறவினர் ஒருவர், சென்ட் பாட்டில், டேப் ரெக்கார்டர் வகையறாக்களோடு அம்மாவுக்கு ஒரு மேக்ஸியும் கொண்டு வந்தார். அன்றைக்கு அதற்கு அதுதான் பெயர். பாட்டி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "என்னடி இது, தலகாணிக்கு உறை தைச்ச மாதிரி?" என்று கேட்டுவிட்டுக் கை அலம்பப் போய்விட்டாள். அம்மா அதை பீரோவுக்குள் வைத்தாள். ஊர் உறங்கிய பிறகு போட்டுக்கொண்டு, பால்காரன் வருவதற்குள் கழற்றி, மறுபடி பீரோவுக்குள் வைப்பாள். இரவு உடை என்ற பெயருக்கு அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டவர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பிறகு அதன் எல்லை மெல்ல விரிந்தது. படுக்கையறையிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து கொல்லை. கொல்லையிலிருந்து வாசலுக்கு வரப் பத்து வருஷம் ஆகியிருக்கும். கோலம் போடத்தான் முதலில் வந்தது. வாசலுக்கு வந்துவிட்டால் தெருமுனை மளிகைக்கடை எவ்வளவு தூரம்? அப்புறம் ஸ்கூல் வேன், ரேஷன் கடை, ஏடிஎம். எல்லை தாண்ட ஒரு பாஸ்போர்ட் உண்டு: துண்டு. வாசல் வரைக்கும் வெறும் நைட்டி, தெருவுக்குத் துண்டு, ரேஷன் கடைக்குத் துப்பட்டா. இந்தச் சட்டத்தை எந்த அரசிதழிலும் போடவில்லை. ஆனாலும் ஸ்ரீரங்கம் தெற்கு வாசலிலிருந்து தில்லைநகர் வரை ஒரு பெண்ணும் மீறியதில்லை. மேலே போடுகிற துண்டு குளித்துத் துவட்டிய ஈரத் துண்டாக இருந்தாலும் சரி, மரியாதை மரியாதைதான்.

எழுதாத சட்டத்தோடு எல்லோரும் நின்றுவிடவில்லை. 2014-இல் நவி மும்பை பக்கம் கோத்திவலி என்ற கிராமத்தில், பகலில் நைட்டி போட்டு வெளியே வந்தால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அறிவித்தது மகளிர் மன்றம்! 2018-இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை நைட்டிக்குத் தடை போட்டார்கள். மீறினால் 2000 ரூபாய். துப்புக் கொடுத்தால் 1000 ரூபாய். நைட்டியைவிட நைட்டியைக் காட்டிக்கொடுப்பதில் லாபம் அதிகம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலக அரசியல் பேசுகிறவர்களுக்கு எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் நேரம் குறித்துக் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

கோயில் மட்டும் தப்புமா? 2015 நவம்பரில் ஒரு திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு போனது. ஆடுகிறவர்கள் என்ன உடுத்தலாம் என்பதில் தொடங்கிய விஷயம், கும்பிடுகிறவர்கள் என்ன உடுத்தலாம் என்பதில் வந்து முடிந்தது. பெண்களுக்குப் புடவை, தாவணி, மேலாக்கோடு சுடிதார். ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா, பேன்ட் சட்டை. 2016 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த உத்தரவு, அந்த மாதமே மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் இன்னும் சுலபம்: சுடிதார் போட்டிருந்தால் அதன் மேலேயே ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே இருப்பது என்ன என்று பெருமாளுக்குத் தெரியாதா, பாவம்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்த மாதிரி வந்து சேர்ந்தது ரெடிமேட் மடிசார். கொசுவம் தைத்து, கச்சம் தைத்து, கொக்கியும் நாடாவும் வைத்து, காலை விட்டு ஏற்றி மாட்டிக்கொள்கிற ஒன்பது கஜம். சீமந்தத்துக்கும் சஷ்டியப்த பூர்த்திக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிற பெண்கள் ஐந்து நிமிஷத்தில் மாட்டி, போட்டோ எடுத்து, மூன்று மணி நேரத்தில் கழற்றி ஹாங்கரில் தொங்கவிட்டு, மிச்ச நாள் பூராவும் நைட்டியில் இருக்கிறார்கள். பாட்டி ஆயுள் முழுக்கக் கட்டிய மடிசார் விசேஷ உடையாகிவிட்டது. அம்மா ஒளித்து ஒளித்துப் போட்ட நைட்டி, நித்திய உடையாகிவிட்டது. இரண்டும் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டன. ஹவாய்த் தீவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1820-இல் அமெரிக்காவிலிருந்து போய் இறங்கிய பாதிரிமார் குடும்பங்கள், அங்கிருந்த பெண்களை மூடிப் போர்த்த நீள அங்கி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள். அதற்கு உள்ளே போட்டுக்கொள்கிற தளர்ந்த கவுனுக்கு முமு என்று பெயர். இன்றைக்கு மேலே போட வேண்டியது சடங்கு உடை. உள்ளே போட வேண்டியதுதான் நித்திய உடை.

பச்சைமலைக்கு வருவோம். நான் வேலை பார்த்த நாளில் துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் என்று பஸ் மாறி, மேலே டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போக வேண்டும். பஸ் வராத நாளில் ஜீப், ஜீப்பும் வராத நாளில் நடை. காட்டன் புடவைக்கு ஞாயிற்றுக்கிழமை பூராவும் கஞ்சி போட்டு, நீவி, மடித்து எடுத்துப் போவேன். மூடுபனி அந்த விறைப்பைப் பத்து மணிக்குள் இறக்கிவிடும். கொசுவம் காலைச் சுற்றும், ஃபால்ஸில் சேறு ஏறும். துவைத்துப் போட்டால் இரண்டு நாளானாலும் ஓரம் மட்டும் ஜில்லென்றே இருக்கும். ஆனால் டீச்சர் என்றால் புடவை. அதில் மாற்றுக் கருத்து கிடையாது. (தலைமைச் செயலகத்துக்கே சுடிதார் செல்லும் என்று அரசாணை வந்தது 2019-இல்.) ரவிக்கை இல்லாமல் சேலையை மார்போடு இறுக்கிச் சுற்றியிருந்த மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருத்தி என்னைக் கீழிருந்து மேல் வரை பார்த்துவிட்டு, "இம்மாந்துணியச் சுத்திக்கிட்டு எப்படித் தாயி ஏறி வந்தே?" என்று கேட்டாள். நாகரிகம் மலைக்கு வந்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த முறை நான் பார்க்கப் போனவள், என்னிடம் படித்துவிட்டு இப்போது மாமியாராகிவிட்டவள். வீட்டில் இல்லை, மரவள்ளிக் காட்டில் இருந்தாள். ஊதாப்பூ போட்ட அல்பைன் நைட்டி, அதன் மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் செல்போன், அதோடு மடித்து வைத்த வெற்றிலை. குனிந்து தண்டைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டே பேசினாள்.

"சீல கட்டிக்கிட்டு இத புடுங்க முடியுங்களா டீச்சர்? முந்தான மண்ணுல கெடக்கும்."

"சட்டை எதுக்கு? குளிருக்கா?"

"குளிருக்கும்தான். முந்திரிக்கொட்டை பொறுக்கறப்ப பால் பட்டா கை புண்ணாப் போயிருமுங்க. அப்புறம், நைட்டியில பாக்கெட்டு எங்க இருக்கு?"

"அப்போ சீலை?"

"கல்யாணத்துக்குக் கட்டுவோம். கலெக்டர் ஆபீசுக்குக் கட்டுவோம்."

கணக்கும் அவளிடம் சுத்தமாக இருந்தது. துறையூரில் 250 ரூபாய்க்கு நைட்டி கிடைக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு லைனிங் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் கூலியிலேயே இரண்டு நைட்டி போய்விடும். அதற்குப் பிறகுதான் பாவாடை, புடவை, ஃபால்ஸ், பின் எல்லாம். இரவு துவைத்துப் போட்டால் மார்கழிப் பனியிலும் மறுநாள் மத்தியானத்துக்குள் காய்கிறது. கத்திரியில் கேட்கவே வேண்டாம், உள்ளே காற்றோடுகிற ஒரே உடை அதுதான். உறையூரின் மெல்லிய துணி மேல்நாட்டுக்குக் கப்பலேறியதை கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்ற கிரேக்க நூல் குறித்து வைத்திருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். அந்த உறையூர்க்காரர்கள் இன்று போடுவது குஜராத்தின் ஜெட்பூரில் அச்சடித்த காட்டன் நைட்டி. நெசவாளிக்கு இது நல்ல சேதி இல்லைதான். ஆனால் உள்ளூர்த் தறியைக் காப்பாற்றுகிற பொறுப்பைப் பாத்திரம் துலக்குகிறவளின் இடுப்பில் மட்டும் சுற்றிவிடுவது நியாயமில்லை.

இடுப்பு என்றதும் நினைவு வருகிறது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிய இடத்தில் கறுத்துத் தடித்த ஒரு கோடு, நம் பெண்கள் எல்லோரிடமும் உண்டு. அம்மாவுக்கு அது சாகும் வரை அரித்துக்கொண்டே இருந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். 2024-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களின் விவரத்தை வெளியிட்டார்கள். வருஷக்கணக்காக இடுப்பில் இறுக்கிக் கட்டிய இடத்தில் புண் ஆறாமலே இருந்து, தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. ஒருத்தி பாவாடையே இல்லாமல், அந்த ஊர் வழக்கப்படி நீளச் சேலையை இடுப்பில் முடிந்து கட்டியவள். அவர்கள் சொன்ன அறிவுரை: தளர்த்திக் கட்டுங்கள், எரிச்சல் வந்தால் தளர்ந்த உடைக்கு மாறுங்கள். தளர்ந்த உடை என்று மருத்துவர் எழுதினால் அது மருந்து. தெருமுனைக்குப் போட்டுப் போனால் பண்பாட்டுச் சீரழிவு.

நானும் இப்போது நைட்டிதான். புடவை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. வைகுண்ட ஏகாதசிக்கும் நல்லது கெட்டதுக்கும் கட்டிக்கொள்கிறேன், கட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டியின் ஒன்பது கஜத்துக்கு மடி இருந்தது, முந்தானை முடிச்சு இருந்தது, இடுப்பில் சொருகிய சுருக்குப் பை இருந்தது. அவள் காசு அவள் உடம்போடு இருந்தது. நைட்டியில் அது மட்டும் விட்டுப்போயிற்று. ஆகவே ஈரோட்டிலும் புதியம்புத்தூரிலும் நைட்டி தைக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். கழுத்தில் வைக்கிற எம்பிராய்டரியைக் குறைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டாம். வலது பக்கம் ஒரு பை வையுங்கள். செல்போனும் சாவியும் குனிந்தாலும் விழாத ஆழத்தில் வையுங்கள். அதற்காக விலையில் பத்து ரூபாய் ஏற்றினாலும் தருகிறோம்.