போட்டியின்றி வெல்வது எப்படி?

ஊர்க் கூட்டுறவு சொசைட்டியின் நிர்வாகக் குழுவுக்கு நிற்க ஆசைப்படும் அன்பருக்கு முதல் யோசனை: ஓட்டுக் கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறிவிடாதீர்கள். அது தோற்கப் பிறந்தவன் செய்யும் வேலை. ஜெயிக்கிறவர் வேட்புமனு நாளன்று மாலையிலேயே மாலையோடு வெளியே வருகிறார்.

வழிமுறை எளிது. தேர்தல் அறிவிப்பை ராத்திரி ஒட்டச் சொல்லுங்கள். படமெடுத்தவுடன் கிழிக்கச் சொல்லுங்கள். மனுப் படிவக் கட்டு அலுவலகத்துக்கு வருவதற்குள் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீட்டு மேசைக்கு வந்துவிட வேண்டும். வேறு யாராவது வரிசையில் நின்றால் தேர்தல் அலுவலருக்கு நெஞ்சு வலிக்கும், அறை பூட்டப்படும். அதையும் மீறி ஒருவன் மனுவை நீட்டினால் பரிசீலனை இருக்கவே இருக்கிறது: முன்மொழிந்தவருக்குத் தவணை தவறிய பாக்கி, வழிமொழிந்தவர் கையெழுத்தில் வளைவு போதாது. உங்கள் மனுவுக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்மொழிந்தவருக்குப் போன வருஷமே கருமாதி முடிந்துவிட்டது. ஆட்சேபணை சொல்ல அவர் வரமாட்டார். பெண்களுக்கான இடங்களா? வீட்டில் மனைவி இல்லையா, மைத்துனி இல்லையா? நாலு மணிக்கு வெடி வெடிக்கலாம்: 'போட்டியின்றி ஏகமனதாகத் தேர்வு.'

கூட்டுறவு தொடங்கிய கதை வேறு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் கூடி ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ஆளுக்கு ஒரே ஓட்டு. 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் படித்த நடுத்தர மக்கள் அதே எண்ணத்தில் ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். பாவம், மாவட்டச் செயலாளர் என்றொரு பிறவி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சொற்ப அமர்வுப்படிக்காகவா இத்தனை அடிபிடி என்று கேட்காதீர்கள். பயிர்க்கடன் யாருக்கு, உரம் யாருக்கு, ரேஷன் கடை விற்பனையாளர் வேலை யார் மகனுக்கு என்பதெல்லாம் அந்த நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. நகைக்கடனும் இருக்கிறது. 2021இல் ஐந்து பவுன் வரையிலான கடன் தள்ளுபடிக்காக அரசு அடகு நகைப் பைகளைப் பிரித்துப் பார்த்தது. சில சங்கங்களில் பைக்குள் கவரிங் இருந்தது. சிலவற்றில் பை மட்டும் பத்திரமாக இருந்தது. விசாரணைக்குப் பயப்படவும் வேண்டாம். கூட்டுறவுச் சட்டத்தில் 81ஆவது பிரிவு இருக்கிறது, விசாரிக்க. 87 இருக்கிறது, தண்டத்தீர்வை விதிக்க. இரண்டும் சங்கச் செயலரின் ஓய்வுக்காலப் பலன்களைத் தேடித்தான் முதலில் போகும். தலைவர் அப்போது வேறு கட்சியில் இருப்பார்.

குடோனிலிருந்து ரேஷன் கடைக்கு எடை குறைந்து வரும் மூட்டைக்கும் யாரோ ஒருவர் கணக்குச் சொல்லத்தானே வேண்டும்? கடைக்காரர் சொல்வார். தராசு வழியாக உங்களிடமிருந்து பிடித்துக்கொண்டு சொல்வார். நீங்கள் அவரிடம் கத்துவீர்கள். கத்தவேண்டிய ஆள் காரில் போய்க்கொண்டிருப்பார்.

இந்த நாற்காலி மோசடியைத் தடுக்க அரசியல் சாசனம்வரை போய்ப் பார்த்தார்கள். 97ஆவது திருத்தம் ஐந்தாண்டுப் பதவிக்காலம், உரிய நேரத்தில் தேர்தல் என்றெல்லாம் எழுதிவைத்தது. கூட்டுறவு மாநிலப் பொருள், மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அதைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் 2013இலும் 2018இலும் தேர்தல் நடந்தது, அ.தி.மு.க. ஆட்சியில். எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. முறைகேடு, முறைகேடு என்று தொண்டை வறள முழங்கியது. ஆட்சிக்கு வந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை மூன்றாண்டாகக் குறைக்க 2022 ஜனவரியில் மசோதா நிறைவேற்றியது. 2023இல் பதவிக்காலம் தானாகவே முடிந்தபோது நேர்மையான தேர்தல் வந்ததா? தனி அலுவலர் வந்தார். ஒருவர் ஓட்டுப்பெட்டியைத் திருடுவார். இன்னொருவர் பெட்டி இருந்தால்தானே திருட்டு என்பார். இரண்டு கட்சியும் முழு மனதோடு ஒத்துப்போகும் ஒரே கொள்கை, உறுப்பினர் ஓட்டுப் போடக்கூடாது என்பதுதான்.

அந்த உறுப்பினர் யார்? நாம்தான். கடனுக்காக ஷேர் கட்டினோம், ரசீதைத் தொலைத்தோம். பேரவைக் கூட்டத்துக்குப் போனால் போண்டா தீருமுன் மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டோம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மாநிலத்தின் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். அந்த அரிசியைத் தின்கிற பலர் அந்தச் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. உறுப்பினர்களில் பலருக்குத் தாங்கள் உறுப்பினர்கள் என்பதே தெரியாது. திருடனுக்கு இதைவிட வசதியான வீடு எங்கே கிடைக்கும்?

அவர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான். 11 இயக்குநர் இடமுள்ள சங்கத்தில் 11 மனு வந்தால் வெடிச்சத்தம்; செல்லுபடியாகும் 12ஆவது மனு ஒன்று நின்றுவிட்டால் வாக்குப்பெட்டியை வெளியே எடுத்தே தீரவேண்டும். ஆகவே, இப்போதே போய் உங்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஷேர் கட்டிச் சேருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். செத்தவர்கள் பெயரை எழுத்து மூலம் நீக்கச் சொல்லுங்கள். தேர்தல் அறிவித்த அன்று தனியாகப் போகாதீர்கள்; தெருவோடு போங்கள். அந்த 12ஆவது மனுவைப் போடுங்கள்.