ரேஸ் கோர்ஸில் நாய் நடத்தல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

நாய்க்கு நடை வேண்டும் என்று சொல்ல ஆய்வு எதற்கு என்று கேட்பவர்கள் பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர்கள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினாலும் மேற்கோள் எங்கே என்று கேட்கும் காலம் இது. ஆகவே இத்துறையில் நிலவும் பெரும் இடைவெளியை இக்கட்டுரை நிரப்ப முற்படுகிறது. (இடைவெளி இருப்பதாகச் சொன்னவரும் கட்டுரையாளரே.)

களம், கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை. சுற்றளவு சுமார் இரண்டரை கிலோமீட்டர். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே குதிரைகள் ஓடின. இப்போது சர்க்கரைக்காரர்கள் நடக்கிறார்கள். சிலர் கையில் நாய்.

இனங்கள் மூன்று. ராஜபாளையம்: 2005இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது, அதனால்தானோ என்னவோ நிமிர்ந்தே நடக்கும். தோட்டத்து நாட்டு நாய்: இரவெல்லாம் பட்டியைச் சுற்றி ஓடிய களைப்பில் ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை. லாப்ரடார்: இங்கே சற்று நிற்க வேண்டும், அதுவும் நின்றுவிட்டது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் கண்டார்கள். கோவையில் அதற்கு ஈடாகத் தேங்காய் பன் ஒரு துண்டு கூடுதலாகவே கிடைக்கிறது.

இனி மையக் கருத்து: நிற்றல். நாய் கம்பத்தருகே நிற்கும். அரை நிமிடத்தில் வேலை முடியும். உடையவர் நிற்பது தெரிந்த முகத்தருகே. “ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?” என்பது தொடக்கநிலை நிற்றல். “மில்லு எப்படீங்க ஓடுது?” என்பது இடைநிலை. “பையனுக்குப் பொண்ணு பாக்கறீங்களாமா?” என்று வந்துவிட்டால் அது முற்றிய நிற்றல், மண்டபம், பந்தி, மாப்பிள்ளை வீட்டுப் போர்வெல் ஆழம் வரை போகும். நாய் படுத்துவிடும் (எதிர்வீட்டு அக்கா, ‘மதிற்சுவர் உரைகள்’, மூன்றாம் திருத்திய பதிப்பு, குக்கர் விசிலால் பாதியில் நின்றது). நிற்பதும் நடத்தலின் ஒரு கூறே என்று வாதிடும் மரபும் உண்டு (டீக்கடை பெஞ்சு, வலதுகோடி, வாய்மொழி, இடதுகோடி இதை ஏற்பதில்லை, நடுவில் இருந்தவர் இருவரையும் மேற்கோள் காட்டி முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்). உடையவருக்குத் தெரிந்தவர்கள் பெருகப் பெருக நாயின் இடுப்பும் பெருகும் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

கயிறு. எந்த முனையில் இருப்பவர் யாரை இழுக்கிறார் என்பது தீராத சிக்கல். ஆய்வு மாணவருக்கும் நெறியாளருக்கும் இடையிலும் இதே சிக்கல்தான். அங்கே நெறியாளர் வீட்டுக் காய்கறிப் பையும் மாணவர் கையில் இருக்கும்.

காலணி: உடையவர் விலை உயர்ந்ததாக அணிந்திருக்கிறார், நாய் வெறுங்கால்.

முடிவுரைக்கு நெறியாளர் ஒப்புதல் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கு மேற்கோள் கேட்காதீர்கள். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு நாயை இறக்குகிறவர்கள், புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நம்மைப் போல அதற்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் ஒரு சுற்று நிற்காமல் கூட்டிப்போய் வாருங்கள். சம்பந்தம் பேசுவதை ஃபோனில் வைத்துக்கொள்ளலாமுங்க.