போகிற வழிதானே!

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 620 கிலோமீட்டர் என்றும், நான்குவழிச் சாலை வந்துவிட்ட இந்நாளில் விடியற்காலையில் புறப்பட்ட கார் பொழுது சாய்வதற்குள் தாமிரபரணியைத் தொட்டுவிடும் என்றும் சொல்லுகிறவர்கள், எங்கள் அண்ணாச்சியும் மைனியும் பிரயாணம் செய்யும் விதத்தைப் பார்த்திராதவர்கள். அவர்களுடைய காரின் பின்னாசனத்தில், ஒரு வெற்று எண்ணெய் டின்னுக்கும் துணிமூட்டைக்கும் நடுவே நான்கு தினங்கள் உட்கார்ந்து வந்தவன் என்ற முறையில், இவ்விஷயத்தைப் பற்றி எழுத எனக்குச் சிறிது அதிகாரம் உண்டு.

அண்ணாச்சி என்று நான் சொல்வது தனி ஆசாமி ஒருவரை மட்டும் அன்று. பட்டணத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கி, பிள்ளைகளைக் கடல் கடந்த தேசங்களுக்கு அனுப்பிவிட்டு, அம்பாசமுத்திரத்திலோ ஆழ்வார்குறிச்சியிலோ உள்ள பூர்விக வீட்டுக்கு வருஷம் ஒருமுறை சாரல் காலத்தில் மனைவி சகிதம் காரோட்டி வருகிற கனவான்கள் எத்தனையோ பேர். அத்தனை பேருக்கும் முகம்தான் வேறே ஒழிய மந்திரம் ஒன்றே. "போற வழிதானே!" என்பது அந்த மந்திரம். ஓர் ஊர் வழியில் இருக்கிறதா, இல்லையா என்பதைத் தேசப்படம் தீர்மானிக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய சாஸ்திரத்தில் அதைத் தீர்மானிப்பவை இரண்டே பிரமாணங்கள்: அங்கே யார் இருக்கிறார்கள்? அங்கே என்ன கிடைக்கும்?

இதன் பயனாக, ஊர் நெருங்க நெருங்கத் தூரம் வளர்ந்துகொண்டே போகும் விந்தையை நான் கண்ணாரக் கண்டேன். சென்னையிலிருந்து மதுரை வரையில் பாதகமில்லை. நடுவில் உள்ள ஜில்லாக்களில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் குறைவாகையால் மத்தியானத்துக்குள் வந்துவிட்டோம். மதுரையைத் தாண்டியதும், பால்கோவாவுக்காக மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், காராச்சேவுக்காகச் சாத்தூருக்கும், கடலை மிட்டாய்க்காகக் கோவில்பட்டிக்கும், பாரதியார் 1882ஆம் வருஷம் பிறந்த வீட்டைத் தரிசிப்பதற்காகக் கிழக்கே எட்டயபுரத்துக்குமாகக் கார் கபடி ஆடத் தொடங்கியது. பால்கோவாவுக்கு 2019ஆம் வருஷத்திலும் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் வருஷத்திலும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது அண்ணாச்சிக்குப் பெரிய சௌகரியமாகப் போயிற்று. "சர்க்காரே சிபாரிசு பண்ணியிருக்கும்போது நாம வாங்காமப் போனா நல்லாவா இருக்கும், தம்பி?" என்றார். கயத்தாற்றில், கட்டபொம்மன் 1799ஆம் வருஷம் தூக்கிலிடப்பட்ட இடத்துக்கு அருகே இறங்கியவர், சிவாஜி கணேசனின் நினைவு மேலிட்டு, அங்கே டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு லாரிக் கிளீனரைப் பார்த்துப் படத்து வசனம் முழுவதையும் முழங்கினார். அந்தப் பையன் தான் ஏதோ வரி பாக்கி வைத்துவிட்டதாகவே நினைத்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் மைனியின் சித்தி வீட்டு வாசலில் நாங்கள் இறங்கும்போது மறுநாள் அந்தியாகிவிட்டது. அங்கிருந்து அம்பாசமுத்திரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அந்த நாற்பதுக்கு மேலும் இரண்டு நாட்கள் பிடித்தன.

இத்தம்பதிகளிடையே வேலைப் பிரிவினை ஒன்று உண்டு. கல்லும் சிற்பமும் சரித்திரமும் அண்ணாச்சியின் இலாகா. மனிதர்கள் யாவரும் மைனியின் இலாகா. தாமதத்துக்கு யார் காரணம் என்ற பிரச்சினை எழும்போதெல்லாம் ஒருவர் மற்றவர் இலாகாவைச் சுட்டிக்காட்டுவார். "இவுக ஒவ்வொரு கல்லா நின்னு பார்க்காம இருந்தா நேத்தே அத்தை கையால ஆப்பம் தின்னிருக்கலாம்" என்பார் மைனி. "ஒங்க மைனிக்குச் சொந்தக்காரங்க இல்லாத தெரு இந்த ஜில்லாவுல ஒண்ணு இருந்தாச் சொல்லு, அதுலயே வண்டியை விடுதேன்" என்பார் அண்ணாச்சி. ஆனால் ஒருவர் "நிறுத்துங்க" என்றாலோ மற்றவர் "நிப்பாட்டுதேன்" என்றாலோ எதிர்க்கட்சி ஒருபோதும் எழுந்ததில்லை.

ஒரு வீட்டின் முன்பு கார் நின்ற பிறகு நடைபெறும் சம்பிரதாயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். முதலில் யாரும் இறங்குவதில்லை. இறங்கப்போவதில்லை என்ற தீர்மானத்தை மைனி கண்ணாடியை இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி பிரகடனம் செய்வார். "எறங்கலை மைனி, அங்க அத்தை காத்துக்கிட்டிருக்கா. தலையைக் காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்." அந்த வீட்டு அம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நல்லாருக்கே! வாசல் வரைக்கும் வந்துட்டு எறங்காமப் போறதுக்கா இம்புட்டுத் தொலைவு வந்திய?" என்பார். இந்தக் கேள்விக்கு உலகத்தில் இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லையாதலால் அண்ணாச்சி எஞ்சினை அணைப்பார். பிறகு நடையில் நின்றபடியே ஐந்து நிமிஷம். திண்ணை நுனியில், எழுந்துவிடப்போகிறவர் போல, பத்து நிமிஷம். உள்ளே ஊஞ்சலில் சாவதானமாக ஒரு மணி நேரம். காப்பி மட்டும் போதும் என்று சொன்னவர்களுக்குக் காப்பி மட்டும் கொடுப்பது மரியாதை இல்லை என்பது இந்த ஆற்றங்கரையின் எழுதாத சட்டம். விடைபெறும் படலமோ வந்த காரியத்தைவிட நீளமானது. கார் கிளம்பி நாலு முழம் நகர்ந்த பிறகு, "ஏ, இதை மறந்துட்டியளே!" என்று உள்ளேயிருந்து ஒரு முருங்கைக்காய்க் கட்டு ஓடிவராத வீட்டை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மேற்கே அம்பாசமுத்திரத்துக்குப் போகவேண்டிய கார் கிழக்கே திருச்செந்தூர்ச் சாலையில் திரும்பியது. கிருஷ்ணாபுரம் போகிறோம் என்று அறிந்தேன். "போற வழிதானே" என்றார் அண்ணாச்சி. சூரியன் எதிரே நின்று கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களுக்கு முன் நின்றால் அண்ணாச்சியின் குற்றங்களையெல்லாம் மன்னித்துவிடலாம் என்பது வேறு விஷயம். விலா எலும்பு தெரிய, ராஜகுமாரி ஒருத்தியைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவனின் சிற்பத்தை மைனி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன் ஒருத்தன்தான் பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு எங்கேயும் நிக்காமப் போறான்" என்றார். "எங்க போனான்? நானூறு வருஷமா இதே தூண்லதான் நிக்கான்" என்றார் அண்ணாச்சி. அந்த நேரத்தில் மைனியின் கைபேசி அடித்தது; அம்பாசமுத்திரத்து அத்தை. "இந்தா வந்துட்டோம் அத்தை, முன்னீர்ப்பள்ளம் தாண்டியாச்சு" என்று, அவ்வூருக்கு நேர் எதிர்த்திசையில் நின்றுகொண்டு, குரல் சிறிதும் தடுமாறாமல் சொன்னார்.

திரும்பும்போது சுலோசன முதலியார் பாலத்தின் அருகே வண்டி நின்றது. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே படகிலேறி ஆற்றைக் கடந்துகொண்டிருந்த ஜனங்களின் கஷ்டத்தைப் பார்த்து, கலெக்டர் கச்சேரியில் உத்தியோகத்திலிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம் அது. 1843ஆம் வருஷம் திறக்கப்பட்டது. "கைக்காசைப் போட்டு ஒரு மனுஷன் பாலம் கட்டியிருக்கான், அதை நிமிஷத்துல கடந்து போறது நன்றி கெட்ட தனம்" என்பது அண்ணாச்சியின் கட்சி. முதலியாரின் மனைவி தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை மைனி ஞாபகப்படுத்தி, "நகை அந்த அம்மா போட்டது, பேரு மட்டும் முதலியாருக்கு!" என்றபோது, அண்ணாச்சி சரித்திரத்தை விட்டுவிட்டு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கலானார்.

வண்ணாரப்பேட்டையைக் காட்டி அவர் செய்த பிரசங்கமும் குறிப்பிடத்தக்கது. ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபை கூடிய பேட்டை அது. ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்ததும், அங்கே கவிதையும் அருவியும் சாப்பாடுமாக நாட்கள் கழிந்ததும் தமிழ்நாடு அறிந்த செய்தி. "அவுகளெல்லாம் தலையைக் காட்டிட்டா போனாக?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். இந்தப் பரம்பரையில் தம்மையும் அவர் சேர்த்துக்கொண்டுவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், சேர்த்துக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன், கவிதைதான் குறைவு.

மத்தியானம் டவுனில் அண்ணாச்சியின் பள்ளித்தோழர் வீட்டில் சொதி. மறுவீட்டு விருந்துக்கென்றே ஏற்பட்ட இந்தத் தேங்காய்ப்பால் குழம்பை, கூடவே இஞ்சிப் பச்சடியும் போட்டுப் பரிமாறுவதன் ரகசியம், பச்சடி இல்லாவிட்டால் அது ஜீரணமாகாது என்பதே. பச்சடி இருந்தாலும் உண்டவன் எழுந்து கார் ஓட்டமுடியாது என்பதை அன்று அனுபவத்தில் கண்டோம். விழித்தபோது மணி நாலரை. "இனிமே என்ன அவசரம்? சாயங்காலம் அல்வாவை வாங்கிட்டே போயிருவோம்" என்றார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை மாலையில் மட்டுமே திறப்பது. கோதுமையை ஊறப்போட்டு, அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அந்தப் பண்டத்துக்கு ருசி தாமிரபரணித் தண்ணீரால்தான் வருகிறது என்று இவ்வூரார் சாதிப்பார்கள். வரிசையில் நின்று, வாங்கி, இலைத்துண்டில் சுடச்சுட ஒரு கை தின்று, கோயிலுக்குள் போய்த் தாமிர சபையையும் இசைத்தூண்களையும் பார்த்து, வெளியே வந்தால் இரவு மணி எட்டரை. அத்தைக்குப் போன் செய்யும் முறை அண்ணாச்சியுடையது. அன்று அவளுக்குக் கொடுத்ததும் அல்வாதான்.

நாலாம் நாள் மேற்குச் சாலை. பத்தமடையில் கோரைப்பாய் வாங்காமல் போவதெப்படி? நூலிழை போலக் கிழித்த கோரையில், மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் பட்டுப்பாய் ஊர் அது. எங்களுக்குக் கல்யாணம் ஒன்றும் இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. சேரன்மகாதேவியில் மைனியின் ஒன்றுவிட்ட அக்காள். அவர் கொடுத்த வாழைத்தார் அங்கிருந்து என் மடியில் வாசம் செய்தது. காருகுறிச்சியில் மண்பானைகள் இரண்டு. அங்கே அண்ணாச்சி எஞ்சினை அணைத்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் மௌனமாக இருந்தார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் பிறந்த மண்ணில் ஹாரன் அடிப்பது பாவம் என்பது அவர் கொள்கை. பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவருக்கு அந்தக் கொள்கை இல்லை.

வீரவநல்லூரிலிருந்து வடக்கே விலகித் திருப்புடைமருதூருக்குப் போனதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம். கோபுரத்தின் நிலைகளுக்குள் பழைய ஓவியங்களும் மரச்சிற்பங்களும். அங்கே நாறும்பூநாதர் சற்றே ஒருபுறம் சாய்ந்திருக்கிறார். அக்கரையிலிருந்து கருவூர்ச் சித்தர் கூப்பிட்ட குரலைக் கேட்கச் சாய்ந்ததாக ஸ்தல புராணம். வெளியே வந்து பார்த்தால், பானையும் பாயும் டின்னும் கருப்பட்டிச் சிப்பமும் ஏற்றப்பட்ட எங்கள் காரும் அதே புறமாகச் சாய்ந்து, எந்த வீட்டிலிருந்து யார் கூப்பிடுவார்கள் என்று காது கொடுத்து நின்றது.

இங்கே ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்து, நாலு நாளாக மனசில் அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "அண்ணாச்சி, எங்கேயும் நிக்காம ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனா என்ன?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே சொன்னார்: "பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல்ல விழுற வரைக்கும் இந்த ஆத்துக்கு எத்தனை அணைக்கட்டு தெரியுமா? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்னு ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு. எட்டு எடத்துல மறிச்சு, வாய்க்கால்ல திருப்பி, ஊருக்குள்ள கூட்டிக்கிட்டுப் போய், வயலைக் காட்டி, குளத்தைக் காட்டித்தான் அனுப்புதாங்க. ஆறே அப்படிப் போகும்போது நாம என்ன வே பெரிய ஆளு?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க இறங்கியதும், அப்பளம் இட்டுக்கொண்டிருந்த வீட்டார் அண்ணாச்சியின் தகப்பனாருக்குத் தெரிந்தவர்களாக அமைந்ததும், அங்கேயே ராச்சாப்பாடு முடிந்ததும் எதிர்பார்த்தவையே. பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரத்து வீட்டை அடைந்தபோது மணி பத்தரை. அத்தை விளக்கை அணைக்காமல் நடையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கவில்லை. மூன்று இலைகளைப் போட்டு, புளித்துப்போகாமல் மூன்றாம் தடவையாக அரைத்த மாவில் ஆப்பம் ஊற்றத் தொடங்கினாள். வயிற்றில் இடமில்லை என்று மைனி மெதுவாகச் சொன்னபோதுதான் கிழவிக்குக் கண் சிவந்தது. "வழியில இருக்கவன் வீட்டுலயெல்லாம் கையை நனைச்சிட்டு, எங்க வீட்டுல வயிறு நெறஞ்சிருக்குங்கியளோ? எடு இலையை!" தலைக்கு நாலு ஆப்பம் தின்றோம். வாழைத்தார் என் மடியிலிருந்து அப்போதுதான் இறங்கியது.

இரண்டு நாள் கழித்து நான் சென்னைக்குத் திரும்பவேண்டியிருந்தது. திருநெல்வேலி சந்திப்பில் ராத்திரி ரயில். காலை பத்து மணிக்கே பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தேன். பஸ் நிறுத்தம் தெருமுனையில், எண்ணி நானூறு அடி.

"நடந்தா போற? இரு தம்பி, கொண்டுவிடுதேன், போற வழிதானே!" என்று உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரலும், அதைத் தொடர்ந்து சாவிக்கொத்தின் ஓசையும், "செத்த இருங்க, தலையை முடிஞ்சுக்கிட்டு நானும் வாரேன்" என்ற மைனியின் குரலும் கேட்டன. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, தெருமுனை வரையில் இருபுறமும் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினேன்.