யாரையும் திருப்பி அனுப்பாத வள்ளல்

காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையார் தூது போனது எங்கள் தகடூர் அதியமானுக்காக. நெய் பூசி, மயில்பீலி சூட்டி, காவலுக்குள் வைத்திருந்த தொண்டைமானின் வேல்களை மனமாரப் பாராட்டிவிட்டு, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. இங்கிருந்து பைதான் மொழியின் நட்சத்திரக் குறிகளைப் பாராட்டுகிறேன். இதிலும் பொய்யில்லை.

இரட்டை நட்சத்திரமே, ஒரு ஃபங்ஷனின் தலைவரியில் நீ நின்றுவிட்டால் அந்த வாசல் அடைபடுவதே இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு எது வந்தாலும் வாங்கி, டிக்ஷனரியில் பத்திரப்படுத்துகிறாய். உன் தம்பி ஒற்றை நட்சத்திரமும் லேசுப்பட்டவன் இல்லை. அழைக்கும் இடத்தில் ஒரு பட்டியலைப் பிரித்து வரிசையாக எடுத்துக் கொடுப்பான். எது எதற்கு என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டான்.

தர்மபுரி பட்டுக்கூடு ஏலத்துக்குப் பட்டுவாடா நிரல் ஒன்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எடை 40 கிலோ, விலை கிலோவுக்கு 560 ரூபாய். எக்செல் தாளில் யாரோ இரண்டு பத்திகளை இடம் மாற்றிவிட்டார்கள். தம்பி அப்படியே பிரித்துக் கொடுக்கிறான்: 560 கிலோ, விலை 40 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் அதே 22,400. ஒரு காசு பிசகவில்லை. பதிவேட்டில் மட்டும் 520 கிலோ கூடு கூடியிருக்கிறது. புழுவும் மல்பெரி இலையும் இல்லாமல் இந்த விளைச்சலை வேறு யார் காட்டுவார்கள்?

உன் கொடை இதற்கும் மேல். அழைத்தவர் ‘ஊக்கத்தொகை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு ‘த்’ விட்டு, ‘ஊக்கதொகை’ 400 என்று எழுதிவிட்டார். நம் பிள்ளைகள் தினமும் செய்கிற பிழைதான். நீ முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாய். உள்ளே சரியான பெயரைத் தேடிய வரி, அது கிடைக்காததால், இயல்பு மதிப்பான பூஜ்யத்தை எடுத்துக்கொண்டது. திரையில் ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. விவசாயி கையில் 400 ரூபாய் இல்லை.

பெயர்களைத் தலைவரியிலேயே எழுதி வைத்திருக்கும் ஃபங்ஷன்களுக்கு இந்தப் பெருந்தன்மை ஏது? அந்த ஒரு ‘த்’துக்காக ‘டைப்எரர்’ என்று கத்தி, வேலையையே நிறுத்திவிடும். 2008இல் வந்த பைதான் 3.0 இன்னும் கறார்: தலைவரியில் தனி நட்சத்திரம் ஒன்றைப் போட்டால், அதற்குப் பின்னால் இருப்பவை பெயரோடுதான் வந்தாக வேண்டும். தம்பி பிரித்துக் கொடுக்கும் வரிசையை அது தொடவே தொடாது. எழுதுகிறவருக்கு ராத்தூக்கம் போகும். எடையும் விலையும் அதனதன் இடத்தில் இருக்கும்.

ஓர் இடத்தில் உனக்கு நிகர் யாருமில்லை. வேறொரு ஃபங்ஷனைச் சுற்றி நின்று, வந்ததை வந்தபடியே உள்ளே ஒப்படைக்கும் டெக்கரேட்டரில் நீ இல்லாமல் முடியாது. அங்கே பெயர் கேட்டுச் சரிபார்க்க உனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். பட்டுவாடாவில் உனக்குப் பின்னால் யாருமில்லை. அந்த 400 ரூபாயை வாங்கியதும் நீ, இன்னும் வைத்திருப்பதும் நீ.