வரப்பை உப்புக்குள்ள வெச்சா

வாடா பேராண்டி. மூஞ்சி என்ன, ஐப்பசி மழையில கரைஞ்ச பாத்தி மாதிரி கெடக்கு?

திண்டிவனத்து வியாபாரி 'கல்லுப்பு & தூளுப்பு'ன்னு கேட்டாராம், உன் வெப் பக்கத்துல 'கல்லுப்பு'ன்னு மட்டும் நிக்குதாம். கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிருக்குன்ற. பேய்னா வேப்பிலை அடிக்கலாம், சோம்பலுக்கு எதை அடிக்கிறது?

எனக்கு என்னடா தெரியும், மரக்காணத்து உப்பளத்துல வரப்புக் கட்டினவன். ஆனா போன கோடையில நீ பிஎச்பியைச் சத்தம் போட்டுப் படிச்சே. திண்ணையில தூக்கம் வராத கெழவன் காதுலயும் நாலு விழுந்து தொலைச்சிருக்கு.

வியாபாரி ஃபாரம் நிரப்பினப்ப பிரவுசரே ஒழுங்காக் கட்டித்தான் அனுப்புச்சு. அடுத்த பக்கத்துக்கு நீ கையால லிங்க் ஒட்டினே பாரு, அங்க ஒழுகிப்போச்சு. முகவரியில கேள்விக்குறிக்கு அப்புறம் வர்றதெல்லாம் பாத்திங்க. & தான் நடுவுல வரப்பு. சரக்குப் பேருக்குள்ளயே வரப்பு வந்தா சர்வர் அங்கயே வெட்டி, தூளுப்பைத் தனிப் பாத்தியாக்கிடும், அதுவும் காலிப் பாத்தி. # அதைவிடக் கில்லாடி. அதுக்குப் பின்னால இருக்கிறது பிரவுசரோட வாசப்படியே தாண்டாது. + போட்டியோ, போய்ச் சேர்றப்ப வெறும் இடைவெளி.

இதையெல்லாம் கட்டி அனுப்பணும்ங்கிறது புதுசா? 1994-லயே வெப்பை உண்டாக்கின டிம் பெர்னர்ஸ்-லீயும் கூட்டாளிங்களும் எழுதிவெச்ச விதி. மதிப்பை மட்டும் யூஆர்எல்என்கோடுல கட்டு, & போயி %26 ஆயிடும். நேத்து நீ பண்ணின மாதிரி முகவரி மொத்தத்தையும் மூட்டை கட்டாதே, வரப்பையுமா உப்புன்னு விப்பே? பாத்தி நாலஞ்சு இருந்தா எச்டிடிபி பில்ட் குவெரிகிட்ட விடு, உப்பையும் கட்டும், வரப்பையும் போடும்.

நம்ம 'உப்பை'யே கட்டிப் பாரு, கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோடு கணக்குல 5. யூடிஎஃப்-8ல ஒண்ணொண்ணும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக்குறியோட 3 எழுத்து. ஆக 45! ஒரு பிடி உப்புக்கு ஒரு லாரி. இருந்தாலும் சிந்தாமப் போவுதில்ல.

வந்து சேர்ந்ததை பிஎச்பியே அவுத்துத்தான் உன் கையில குடுக்கும். அவுத்ததை மறுபடி அவுக்காதே, நெசமான + இருந்தா அதையும் தின்னுடும்.

கட்டின மூட்டைக்குள்ள மண்ணு இருக்கலாம்டா. திரையில காட்டுறப்ப எச்டிஎம்எல் ஸ்பெஷல்கேர்ஸ்ல சலி. டேட்டாபேஸுக்குப் போனா பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். பாஸ்வேர்டை எப்படிக் கட்டினாலும் முகவரியில ஏத்தாதே. கட்டினதை எவனும் அவுப்பான், சர்வர் லாக்குலயும் பிரவுசர் வரலாத்துலயும் அது அப்படியே உக்காந்திருக்கும்.

போ, மொதல்ல அந்தாளுக்குத் தூளுப்பை ஏத்திவிடு. எனக்கு டீக்காசு 10+10 அனுப்பறதுன்னா கட்டி அனுப்பு. நடுவுல இடைவெளி வந்து, ரெண்டாவது பத்தை நீ அமுக்கிட்டேன்னு உங்க பாட்டிகிட்ட சொல்லிடுவேன்.