கடைசி விலைக்காரர்

கடைசி விலைக்காரர் என்பவர், இணையத்தில் விளம்பரம் போட்டுத் தனியாள் விற்கும் பழைய சாமான்களை வாங்கப்போவதாகச் சொல்பவர். வாங்குபவர் என்று எழுதிவிட முடியாது. வாங்குவது அவர் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கும் சம்பவம். இலங்கை முழுவதும் இருக்கிறார் என்றாலும், ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை வழியாக நானுஓயா வரை போகும் ரயில் பாதை நெடுக நன்கு முதிர்ந்த மாதிரிகளைக் காணலாம். வயது இருபது முதல் அறுபது வரை. பெரும்பாலும் ஆண். அவர் காசில்லாதவர் என்று நினைப்பது தவறு. சீட்டுக்கு ஒழுங்காகக் கட்டுவார், கோயில் திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுப்பார். சாமானுக்குக் காசு கொடுக்கத்தான் கை வராது. கொடுக்காதவரை அவர் 'பார்ட்டி'. நான்கு பேர் அவர் போனுக்குக் காத்திருப்பார்கள். கொடுத்துவிட்டால் சாமானைத் தோளில் சுமந்து மலையேறும் சாதாரண மனிதர். இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இணையத்துக்கு முன்பும் இவர் இருந்தார். தோட்டத்துப் பெரிய தொரை மாற்றலாகிப் போகும்போது பங்களாச் சாமான்களை விற்பார்கள். அலுமாரியின் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடிவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போனவர் இவருடைய முன்னோர். ஆனால் அதற்கு மழையில் மேடேற வேண்டியிருந்தது. அதனால் இனம் பெருகவில்லை. 2012இல் இக்மன் தளம் வந்தது. பின்னால் பேஸ்புக் விற்பனைப் பக்கங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் வந்தன. லயத்து வாசலில் குந்தியபடியே கொழும்புக் குளிர்பெட்டிக்கும் கண்டிச் சோபாவுக்கும் விலை பேசலாம் என்றானதும் இவருடைய தொகை கட்டுக்கடங்காமல் போயிற்று.

விளம்பரத்தை அவர் படிப்பதில்லை. விலை, ஊர், எத்தனை வருடம் பாவித்தது, எங்கே கீறல் என்று விற்பவர் எழுதியிருப்பார். படத்தில் கீறலுக்கு வட்டம்கூடப் போட்டிருப்பார். கடைசி விலைக்காரரின் கண் படத்தோடு நின்றுவிடும். முதல் செய்தி 'இருக்கா?'. 'இருக்கு' என்று பதில் போனதும் இரண்டாவது செய்தி 'லாஸ்ட் எவ்வளவு?'. நுவரெலியா டவுனிலிருந்து சிங்களத்தில் கேட்டால் 'லாஸ்ட் கீயத?' என்று வரும். இந்த நாட்டில் மொழிகள் முழு உடன்பாட்டுக்கு வந்திருக்கும் கேள்வி இது ஒன்றுதான். நயத்தகு நாகரிகம் வேறு மாதிரி: விளம்பரத்தைப் படி, சாமானைப் பார், பிறகு விலையைக் குறை. இவர் குறைத்த பிறகு பார்க்கிறார், பார்த்த பிறகு படிக்கிறார்.

நானுஓயாப் பக்கத் தோட்டமொன்றில் தையல் மெஷின் விற்கும் பெண்ணுக்கும் இவருக்கும் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அக்கா, மெஷின் இருக்கா?"

"இருக்கு தம்பி. இருபத்தெட்டாயிரம் போட்டிருக்கேன்."

"லாஸ்ட் எவ்வளவு?"

"வந்து பாருங்க. கொஞ்சம் கொறச்சிக்கலாம்."

"பதினஞ்சுக்குத் தாங்க. இப்பவே காசு."

"இப்பவேன்னா எப்ப தம்பி?"

"சம்பளம் போட்டதும்."

தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் பத்தாம் தேதியை ஒட்டி வரும். உரையாடல் நடக்கும் நாள் பதினான்கு. இதற்கிடையில் 'வேற யாருக்கும் குடுத்துறாதீங்க, நம்ம ஆளுக நாம' என்று ஒரு வேண்டுகோளும் வரும். முற்பணம் கேட்டால் மனம் நொந்துபோவார். அட்வான்ஸ் என்பது அவரைப் பொறுத்தமட்டில் தீபாவளிக்குத் தோட்டம் தொழிலாளிக்குக் கொடுப்பது. தான் இன்னொருவருக்குக் கொடுப்பதாக அதை அவர் கற்பனை செய்ததில்லை. பத்தாம் தேதி வந்ததும் போன் எடுக்க மாட்டார். பிறகு ஒரு செய்தி வரும்: ரயிலில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டாராம், சிக்னல் இல்லையாம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள அந்தச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். ரயில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் சில நிமிடம். இவர் மூன்று நாள் உள்ளே இருப்பார்.

காசு கொடுக்கும் வழிகளைப் பற்றி அவருக்கு விரிவான அறிவு உண்டு. விற்பவர் எந்த வழியைச் சொன்னாலும் அது ஏன் சரிவராது என்பதே அந்த அறிவு. கைக்காசு கேட்டால், இந்தக் காலத்தில் யார் அவ்வளவு காசைத் தூக்கிக்கொண்டு வருவது என்பார். வங்கிக் கணக்கு இலக்கம் கொடுத்தால், டவுனுக்குப் போய் காசு போடும் மெஷினில் போட்டேன், கசங்கிய தாளென்று திருப்பித் துப்பிவிட்டது என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான்காக மடித்து மழைக்கோட்டுப் பையில் வைத்த தாளை எந்த வைப்பு இயந்திரமும் விரும்புவதில்லை. டயலொக் நிறுவனம் 2012இல் தொடங்கிய ஈசி கேஷ் இருக்கிறதே என்றால், ரீலோட் கடைக்காரருக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பார். காசு கொடுப்பதற்கான லங்கா கியூஆர் 2018இலேயே அறிமுகமானது. இவர் கியூஆர் குறியை மதிக்கக் கற்றதோ 2022 ஜூலைக்குப் பிறகு, அதாவது எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டாமல் ஒரு துளி பெற்றோலும் கிடைக்காது என்றானபோது. அதிலிருந்து கியூஆர் என்றால் வரிசையில் நின்று வாங்கும் பொருள் என்று மனதில் பதிந்துவிட்டது. கொடுப்பதற்கும் அது உதவும் என்பதை ஏற்க மறுக்கிறார்.

அவருக்குப் பிடித்தது வங்கி ஸ்லிப். 2015இல் செஃப்ட்ஸ் முறை வந்தபின் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் சில நொடிகளில் போய்ச் சேர்கிறது. ஆகவே 'போட்டுட்டேன், நாளைக்கு வரும்' என்ற சமாதானத்துக்கு இப்போது பெரிய மதிப்பில்லை. இருந்தும் பணம் வருவதற்கு வெகு முன்பாக ஸ்லிப்பின் படம் வந்துவிடும். நானுஓயா மூடுபனி முழுவதும் அந்தப் படத்தில் இறங்கியிருக்கும். தொகை தெரிந்தால் தேதி தெரியாது, தேதி தெரிந்தால் அது போன மாதம். இந்த விஷயத்தில் விற்பவர் கூச்சப்படக் கூடாது. ஸ்லிப் பணம் அல்ல. தன் வங்கியிலிருந்து தன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்து, கணக்கைத் திறந்து மீதியையும் பார்த்த பிறகே சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். 'நம்பிக்கை இல்லையா அக்கா?' என்று அவர் கேட்பார். இல்லை என்று சொல்லலாம். அதற்கெல்லாம் அவர் கோபிப்பதில்லை.

கூரியரில் அனுப்பி வீட்டு வாசலில் காசு வாங்கும் முறை இவரிடம் படுதோல்வி அடைகிறது. பார்சல் வந்து நிற்கும்போது இவர் கொழுந்து மலைக்குப் போயிருப்பார், வீட்டுக்காரிக்கோ விஷயமே தெரியாது. திரும்பிப் போகும் கூரியர் செலவு விற்றவர் தலையில்.

இவ்வளவு இருந்தும் கடைசி விலைக்காரரை மோசடிக்காரரோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். நிஜ மோசடிக்காரர் பேரமே பேச மாட்டார். கேட்ட விலைக்கு உடனே சம்மதம், சாமானைப் பார்க்க வேண்டியதில்லை, ஆள் வந்து ஏற்றிக்கொள்வார்கள், பேச்செல்லாம் ஐயா, அம்மா. இந்தியாவில் பழைய சாமான் விற்கும் தளங்களில் தன்னை இராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் இந்த வகை. பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியை அனுப்புவார். விற்பவர் அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போட்டதும் பணம் எதிர்த்திசையில் போய்விடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணே தேவையில்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. போனுக்கு வந்த ஓடீபி இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பவரும் அதே குடும்பம். ஐந்நூறு ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டுபவர் அப்படிச் செய்ய மாட்டார். திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பேரம் ஒருவகை நன்னடத்தைச் சான்றிதழ். விற்பவர் எரிச்சலில் அதைக் கவனிப்பதில்லை.

அபூர்வமாக அவர் நேரில் வருவதும் உண்டு. சந்திக்க நல்ல இடம் நானுஓயா ஸ்டேஷன். 1885இல் ரயில் பாதை அங்கே எட்டியதிலிருந்து நுவரெலியாவுக்கு ரயிலில் போகிற எல்லாரும் இறங்கும் இடம். எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு, வெளிச்சம் உண்டு, காசு எண்ண வாங்கும் உண்டு. அவர் ஒரு மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவார். மச்சானுக்குத் தையல் மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது. 'ஹ்ம்' என்று சொல்வதற்காக வந்தவர். சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். படத்தில் வட்டமிட்டுக் காட்டிய அதே கீறலை இவர் கண்டுபிடிப்பார். மச்சான் 'ஹ்ம்' என்பார். இருபத்தைந்தாயிரத்துக்குப் பேசி முடிந்ததும் காற்சட்டையின் உள்பையிலிருந்து காசு வெளியே வரும். ஐந்து ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். மஸ்கெலியா ஓயாவின் கெனியன் அணை அச்சிட்டவை. நான்கை எண்ணி அக்காவின் கையில் வைப்பார். ஐந்தாவதை உள்ளே வைத்துக்கொண்டு, ரம்பொடைச் சுரங்கம் போட்ட ஆயிரம் ரூபாய்த் தாள்களை எண்ணத் தொடங்குவார். மூன்றோடு நிறுத்திவிடுவார்.

"ரெண்டு கொறையுது தம்பி."

"பஸ்ஸுக்கு வேணும்தானே அக்கா."

"ரயில்லதானே வந்தீங்க?"

"மெஷினோட ரயில்ல ஏற முடியுமா?"

இங்கேதான் விற்பவருக்கு உறுதி வேண்டும். பேசிய விலை பேசியதுதான். ஒவ்வொரு ஐயாயிரம் தாளையும் வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார்த்து, முழுத் தொகையையும் அவர் முன்னாலேயே எண்ணிய பிறகே மெஷினிலிருந்து கையை எடுக்க வேண்டும். கடைசியில் ஒரு ஆயிரம் வரும். மற்ற ஆயிரம் வராது. அக்காவும் விட்டுவிடுவார், ஏனென்றால் பனி இறங்கத் தொடங்கிவிட்டது.

வாங்கிய பிறகும் உறவு நீடிக்கும். பெல்ட் அறுந்தால் போன், ஊசி உடைந்தால் போன், நூல் சிக்கினால் வீடியோக் கால். பாவித்த சாமானுக்கு உத்தரவாதம் கிடையாது என்று எத்தனை தடவை சொன்னாலும், 'நீங்க குடுத்த மெஷின்தானே அக்கா' என்பார். அடுத்த வாரம் அதே மெஷினை அவரே விற்பனைக்குப் போட்டிருப்பார். விலை முப்பத்திரண்டாயிரம். படத்தில் கீறல் இருக்கும் பக்கத்துக்கு மேல் ஒரு துவாய் விரித்திருக்கும். கீழே எழுதியிருக்கும்: ஒரே கை பாவனை, விலையில் மாற்றமில்லை, காசு கையில் உள்ளவர்கள் மட்டும் பேசவும், லாஸ்ட் எவ்வளவு என்று கேட்பவர்கள் தயவுசெய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.