அஞ்சு ரூவா மிச்சம்

வா மாப்ள, வா. பைபாஸ்ல பயோடீசல் லிட்டருக்கு அஞ்சு ரூவா கம்மின்னு டேங்க ரொப்பிப்போட்டு வந்திட்டியாமா? கெட்டிக்காரன்தான் போ. ஆயுசு பூரா ஸ்டியரிங் புடிச்ச உங்கொப்பனுக்கு இந்த ரோசனை வல்லியே!

செரி, பேனாவ எடு. டீசல் 92 ரூவான்னு வெச்சுக்க. உன்ற லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுக்குது. 400 கிலோமீட்டர் போக 100 லிட்டர், 9,200 ரூவா. ஆச்சா? கலப்பில்லாத பயோடீசல்ல லிட்டருக்கு லிட்டர் சத்து சுமாரா 8 சதவீதம் கம்மி. அதே தூரத்துக்கு 109 லிட்டர் ஊத்தோணும். 87 ரூவா வீதம் பெருக்கு. 9,483! அஞ்சு ரூவாய மிச்சம் புடிக்கப் போயி 283 ரூவாய ரோட்டுல உட்டுட்டு வந்திருக்கற. பங்க்காரன் லிட்டருக்குக் காசு வாங்கறான், லோடுகாரன் தூரத்துக்குத்தான் வாடகை குடுக்கறான். 85 ரூவாய்க்குக் கீழ வந்தாத்தான் உனக்குச் சரிக்குச் சரி. டீசல்ல 20 சதவீதம் மட்டும் கலந்ததுன்னா மைலேஜ் ஒண்ணு ரெண்டு சதவீதந்தான் அடிவாங்கும், அத உட்டுத்தள்ளு.

பயோடீசலுக்கு நல்ல கொணமும் இருக்குது, இல்லீங்கல. பம்புக்கு வழவழப்பு, கரும்பொகையும் கம்மி. இன்னொண்ணு, டேங்க்ல வருசக்கணக்காப் படிஞ்ச கசண்டையெல்லாம் கரைச்சுப்போடும். கரைச்சு எங்க சேத்தும்? ஃபில்டர்லதான். பொண்டாட்டி ஊருக்குப் போன அன்னிக்கு நீ வீடு கூட்டி, குப்பையக் கதவு மூலையில குமிப்பியே, அதே வேலைதான். பழைய வண்டின்னா ரப்பர் ஓஸும் உப்பிப் போயிரும். ஆக, அந்த 283-ஓட ஃபில்டர் காசையும் சேத்துக்க.

ஏன் வெலை எறங்க மாட்டேங்குதுங்கறயா? எண்ணெய்ல மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் போட்டு, கிளிசரினப் பிரிச்செடுத்தா பயோடீசல். வேலை சுளுவு. எண்ணெய்க்கு எங்க போறது? 2003 வாக்குல காட்டாமணக்கு நடுங்கன்னு ஊரூரா சொன்னாங்க. தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு கடிக்காதுன்னாங்க. ஆடு கடிக்காதது மட்டும் நெசம். 2017-க்குள்ள 20 சதவீதம் கலப்போம்னு 2009-ல கொள்கை போட்டாங்க. 2018-ல அத அழிச்சு, 2030-க்குள்ள 5 சதவீதம்னு எழுதிட்டாங்க. அடுத்த வருசமே, போண்டா சுட்டு மிஞ்சற எண்ணெய்ல காய்ச்சுனத லிட்டர் 51 ரூவாய்க்கு வாங்கிக்கறம்னு அரசாங்க எண்ணெய்க் கம்பெனிக சொன்னாங்க. நம்ம போண்டாக் கடைக்காரன் அந்தக் கருத்த எண்ணெய லேசுல கைய உட்டுருவானாக்கும்! இன்னம் நாலு ஈடு போண்டா சுடுவான்.

அப்ப உனக்கு மட்டும் அஞ்சு ரூவா கம்மியா எங்கிருந்து வந்துச்சு? குஜராத்துல தொழிற்சாலைக்குண்டான எண்ணெய பயோடீசல்னு பேரச் சொல்லி லாரிக்காரங்களுக்கு ஊத்துனாங்க. 2021-ல போலீசு ரெய்டு மேல ரெய்டு உட்டுப் புடிச்சாங்க. உனக்கு ஊத்துனவன் பில்லு குடுத்தானா? முழிக்கறயே!

போ, மொதல்ல ஃபில்டரக் கழட்டிப் பாரு. அடுத்த தடவை ஊத்தறதுக்கு முன்னால பில்லு கேளு, ஐ.எஸ். 15607 தரச் சான்றக் காட்டுன்னு கேளு. அவன் தலையச் சொறிஞ்சான்னா வண்டிய எடுத்துட்டு வந்துரு.